அரண்மனைக்குப் போகாத பெட்டிகள்

லண்டன்
1922 ஜூன் 19

அன்புள்ள டோர்கஸ் அக்காவுக்கு,

நானும் வின்னியும் சுகமாக இருக்கிறோம். ஒரு மாதமாக என் நெஞ்சு இரையவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஈரத்தில் அதிகம் நிற்காதே.

அரச நியமனப் பத்திரம் வந்துவிட்டது அக்கா. ஐந்து வருடம் மீன் பருவத்தில் ஒரு வாரம்கூடத் தவறாமல் அரண்மனைச் சமையலறைக்கு நம் புகை மீனை அனுப்பியதற்குப் பலன். இனி நாம் மன்னரின் நியமனம் பெற்ற மீன் வணிகர்கள். சனிக்கிழமை காலை கடை வாசலுக்கு மேலே அரச முத்திரைப் பலகையை ஏற்றினோம். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, கீழே தங்க எழுத்தில் பெயர். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க்கடை ரொட்டிக்காரர் தொப்பியைக் கழற்றி வாழ்த்தினார். பதினைந்து வருடமாக அவர் எனக்கு ஒரு காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை.

பத்திரம் கடையின் பெயரில் தரப்படுவதில்லை, ஒரு ஆளின் பெயரில்தான். ஏதாவது குறை வந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் 'ரூபன் ஆர்ச்போல்ட்' என்று எழுதியிருக்கிறது. உனக்கு இதில் வருத்தம் இருக்காது என்று தெரியும். புகைக்கூடத்துக் கதவிலும் மாட்ட ஒரு சிறிய பலகையைச் சரக்கு ரயிலில் அனுப்பியிருக்கிறேன். நல்ல உயரத்தில் மாட்டச் சொல்.

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வின்னி தன் நாத்தனாரை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள தம்பி,
ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 ஜூன் 30

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

உன் கடிதமும் பலகையும் ஒரே நாளில் வந்தன. உன் நெஞ்சு இரையவில்லை என்று படித்ததும் எனக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். இந்தப் புகை உனக்கு ஆகாது என்றுதான் உன்னை லண்டனுக்கு அனுப்பினோம்; அது வீண் போகவில்லை. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

பலகையை மாட்டியாயிற்று. மீன் அறுக்கும் பெண்கள் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வருடாவருடம் வரும் இஷ்பெலை உனக்கு நினைவிருக்கும், உயரமானவள், அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தக் கொம்புக் குதிரையும் மீன் திங்குமாக்கா? இல்ல, ராஜா திங்கறத வேடிக்கை பாக்குமா?" என்று கேட்டாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

மீனுக்குப் புகை போடுவது யார் என்று அரண்மனையில் எப்போதாவது கேட்டார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். மார்ச் மாதப் புயலில் அறுக்கும் கொட்டகையின் கூரை போனதை எழுதியிருந்தேன். பெண்கள் பருவம் தொடங்கியதிலிருந்து திறந்த வெளியில் நிற்கிறார்கள். விரலில் சுற்றும் துணி மழையில் நனைந்து கழன்றுவிடுகிறது, கத்தி பட்ட இடத்தில் உப்பு இறங்குகிறது. ஜீன் என்று ஒரு பெண், பத்தொன்பது வயது. அவளுடைய இடது கை மணிக்கட்டு வரை வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். கையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கூரைக்கு என்ன செய்யலாம் என்று எழுது.

வின்னிக்கு என் அன்பு.

அக்கா,
டோர்கஸ்


லண்டன்
1922 ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கு எல்லாரும் நலம். வின்னிக்கு லேசாகத் தலைவலி, அவ்வளவுதான்.

கடையில் நிற்க இடமில்லை. இதுவரை எட்டிப் பார்க்காத வீடுகளின் சமையல்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். மன்னர் சாப்பிடும் அதே மீன் வேண்டும் என்று கேட்கிறார்கள். வாரத்துக்கு இன்னும் இருபது பெட்டி உன்னால் அனுப்ப முடியுமா? நம் பெட்டிச் சீட்டில் அரச முத்திரையை அச்சிட அனுமதி கிடைத்துவிட்டது. புதிய சீட்டுகள் ஐயாயிரம் அச்சாகி வந்துவிட்டன. பெட்டிகளை நீ சீட்டில்லாமல் அனுப்பினால் போதும், இங்கே ஒட்டிக்கொள்கிறோம்.

இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி ஒரு பத்திரிகைக்காரர் புகைப்படம் எடுக்க அங்கே வருகிறார். பெண்களுக்கு வெள்ளை மேலங்கி தைத்து அனுப்புகிறேன். வேலைக்குக் கட்டும் எண்ணெய்த் துணிப் பாவாடையோடு அவர்கள் படத்தில் நிற்க வேண்டாம். கதவுப் பலகை படத்தில் தெரிய வேண்டும்.

கூரையை அடுத்த பருவத்தில் பார்க்கலாம்.

உன் தம்பி,
ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

வின்னியின் தலைவலி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பத்திரிகைக்காரர் வந்தார். பெண்கள் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நின்றார்கள். படத்தில் முப்பத்தொன்பது பேர் இருப்பார்கள். ஜீன் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன வெள்ளிக்கிழமை அவளுடைய இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றார் டாக்டர். இன்னும் பத்து நாள் முந்தி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பத்து நாளும் அவள் உன்னுடைய கூடுதல் பெட்டிகளுக்காக ஒற்றைக் கையோடு மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை இஷ்பெலும் நாலு பேரும் என் சமையலறைக்கு வந்தார்கள். கோபமாக இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொட்டகைக்குக் கூரை, கை கழுவக் காய்ச்சின தண்ணீர், விரலில் சுற்றச் சுத்தமான துணி, காயம் கட்டத் தெரிந்த ஒரு பெண் துறையில் இருக்க வேண்டும். இந்த நாலும்தான் கேட்டார்கள். கூலியைப் பற்றிப் பேசவே இல்லை.

நேற்று, செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை நின்றிருக்கிறது. கடைசிப் பெட்டி திங்கட்கிழமை ரயிலில் போனது. புகைக்கூடம் பூட்டியிருக்கிறது. அந்த நாலையும் செய்கிறேன் என்று ஒரு வரி எழுது, அடுத்த நாளே வேலை தொடங்கும்.

அக்கா,
டோர்கஸ்


லண்டன்
1922 ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நெஞ்சு மறுபடியும் இரைகிறது.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் மீன் அறுப்பவர்களுக்கு விரலில் காயம் படுவது இன்றைக்கு வந்த புதுமை இல்லை. மன்னருடைய காலை உணவு நிற்கக் காரணம் கொட்டகைக் கூரை என்று நான் அரண்மனைக்கு எழுதவா? ஒரே ஒரு வாரம் பெட்டி தவறினால் போதும், பத்திரத்தைத் திரும்பக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பத்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவர்கள் பயமுறுத்தினால் நீ பணிந்துபோவாயா? கணக்குத் தீர்த்து அனுப்பிவிடு. கரையோரம் தெற்கே எத்தனையோ பெண்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். என் ஏஜெண்டு விட்லாக்கை அனுப்புகிறேன். சாவியை அவரிடம் கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படு. இரைப்புக்குத் தேனும் வெந்நீரும் குடி. வின்னியிடம் சொல்லி நெஞ்சில் கம்பளி சுற்றிக்கொள்.

விட்லாக் புதன்கிழமை வந்தார், கூடவே ஒரு போலீஸ்காரர். பெண்கள் வாசலில் மீன் பீப்பாய்களின் மேல் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் சொல்வது வேறு மாதிரி இருக்கலாம்.

"சாவியக் குடுங்கம்மா. இது உங்க தம்பி சொத்து" என்றார்.

"தம்பி சொத்துதான். அவனே வந்து கேக்கட்டும்" என்றேன்.

அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் கடலைப் பார்த்தார். அவருடைய தங்கையும் அந்தப் பீப்பாய்களில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவை உடைக்க வேண்டியிருக்கும் என்று விட்லாக் சொன்னதும் இஷ்பெல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "உடைச்சுக்குங்க சார். உள்ள மீன் இல்ல. மீன் வேணும்னா அறுக்கக் கை வேணும். கையெல்லாம் இங்க வெளியில இருக்கு."

தெற்கேயிருந்து வேறு பெண்களை வரவழைக்க அவர் தந்தி கொடுத்தார். இஷ்பெலும் அந்தப் பெண்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். நேற்று ரயிலிலிருந்து ஒரே ஒருத்தி இறங்கினாள். தன் அத்தையைப் பார்க்க வந்தவளாம்.

நான் கேட்ட அந்த ஒரு வரி உன்னிடமிருந்து இன்னும் வரவில்லை.

அக்கா,
டோர்கஸ்


கிரேஸ்டன் துறை
1922 செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. உடம்பு மோசமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. நீ எழுத முடியாவிட்டால் வின்னியையாவது எழுதச் சொல்.

இங்கே அப்படியேதான் இருக்கிறது. பெண்கள் ஒருவரும் ஊருக்குத் திரும்பவில்லை. பிரார்த்தனைக் கூடத்தில் படுக்கிறார்கள். பார்லி கஞ்சிக்கு மாவும் எலும்பும் ஊரில் யாராவது கொடுக்கிறார்கள், என் சமையலறையில் பெரிய பானை எந்நேரமும் அடுப்பில்தான். ஜீன் வந்துவிட்டாள். மூன்று விரலால் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு கண்ணி விட்டுப் போனால் ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறாள். அவள் பாதிரியாருக்கு எதிரிலேயே சொன்னாள். அவர் காது கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

அரண்மனையில் என்ன சொன்னாய்? அவர்களுக்கு உண்மையை எழுதினால் காத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 

அக்கா,
டோர்கஸ்


லண்டன்
1922 செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கவலைப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. லண்டனில் இப்போது அருமையான வெயில். ஞாயிற்றுக்கிழமை நதிக்கரைக்குப் போயிருந்தோம். வின்னி ஒரு புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாள், அதில் ஒரு பறவையின் பாதி உடம்பு இருக்கிறது.

அரண்மனையைப் பற்றி நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். இதுவரை ஒரு பெட்டியும் தவறவில்லை. சமையலறையிலிருந்து போன வாரம்கூடப் பாராட்டி ஒரு குறிப்பு வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

அதனால் அவசரமே இல்லை. அந்தப் பெண்கள் இன்னும் ஒரு மாதம் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கட்டும். தாங்களாகவே வேலைக்குக் கத்தியை எடுப்பார்கள். நீயும் அந்தப் பானையை இறக்கி வை.

உன் தம்பி,
ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 செப்டம்பர் 11

ரூபன்,

நீ சுகமாக இருப்பது சந்தோஷம்.

ஆகஸ்ட் ஏழாம் தேதிக்குப் பிறகு இந்தப் புகைக்கூடத்திலிருந்து ஒரு மீன்கூட வெளியே போகவில்லை. ஐந்து வாரம். அப்படியானால் அரண்மனையில் பாராட்டிச் சாப்பிட்டது எதை?

நானும் உன்னிடம் ஒன்றை முழுதாகச் சொல்லவில்லை. புகைக்கூடம் பூட்டியிருக்கிறது என்று எழுதினேன், பூட்டியது யார் என்று எழுதவில்லை. பூட்டியது நான். பெண்கள் கேட்கத்தான் வந்தார்கள், நிறுத்த வரவில்லை. நீ சம்மதிக்க மாட்டாய், அவர்கள் மறுபடியும் மழையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர்களுக்கு முன்னால் நான் போய்ப் பூட்டைப் போட்டேன். "இன்னிக்கு வேலை இல்லையாக்கா?" என்று இஷ்பெல் கேட்டாள். "கூரை வர்ற வரைக்கும் இல்ல" என்றேன். சாவி அன்றிலிருந்து என் கழுத்தில் இருக்கிறது.

என் பொய்யைச் சொல்லிவிட்டேன். இனி நீ சொல்.

டோர்கஸ்


லண்டன்
1922 செப்டம்பர் 14

அக்கா,

நீயா? என் சொந்த அக்காவா? விட்லாக் சொன்னபோது நான் அவரைத் திட்டினேன்.

சரி, சொல்கிறேன். வேறு ஒரு புகைக்கூடத்திலிருந்து வாங்கினேன். கெட்ட மீன் இல்லை. நம் சீட்டை ஒட்டினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பாராட்டுகூட வந்தது. ஹெர்ரிங் மீன் எங்கிருந்து வந்தாலும் ஹெர்ரிங்தான், புகை புகைதான். பெரிய கடைகள் எல்லாம் அப்படித்தான் சமாளிக்கின்றன. என்னை இந்த நிலைக்குக் கொண்டு வந்ததே நீ போட்ட பூட்டுதான்.

ஒன்றை யோசித்துப் பேசு. பத்திரம் என் பெயரில். கடை என் பெயரில். புகைக்கூடமும் நீ இருக்கும் வீடும் அப்பா எனக்கு எழுதி வைத்தவை. காகிதத்தில் உன் பெயர் எங்குமே இல்லை. மாத முடிவுக்குள் கதவைத் திறந்து வேலை தொடங்கு. முடியாது என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை விட்லாக்கிடம் கொடு. இதற்கு மேல் நான் எழுத எதுவும் இல்லை.

ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

இது மாதிரி எழுதும்போது உனக்கு இரைத்திருக்கும். எழுத்து கோணலாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

காகிதத்தில் என் பெயர் இல்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் அதை யோசித்தேன். பிறகு ஒரு காகிதம் எடுத்து அதன் அடியில் என் பெயரை எழுதினேன். மேலே என்ன எழுதினேன் என்பதற்கு நகல் இது:

'மன்னரின் சமையலறை அதிகாரிக்கு. ஆகஸ்ட் எட்டாம் தேதி முதல் ஆர்ச்போல்ட் என்ற பெயரில் தங்களுக்கு வரும் புகை மீன் எங்கள் புகைக்கூடத்தில் செய்யப்பட்டது அல்ல. அது நல்ல மீனாக இருக்கலாம். சீட்டு பொய். எங்கள் புகைக்கூடத்தைப் பூட்டியவள் நான். மீன் அறுக்கும் பெண்களுக்குத் தலைக்கு மேல் கூரையும் காயத்துக்குச் சுத்தமான துணியும் கிடைக்கும் வரை அதைத் திறக்க மாட்டேன். இதற்காகத் தாங்கள் எங்கள் மேல் கோபப்பட்டாலும் சரி. ஐந்து வருடமாகத் தங்களுக்குப் போன மீனுக்குப் புகை போட்டவள், டோர்கஸ் ஆர்ச்போல்ட்.'

திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் அப்புறமும் அனுப்பியிருப்பேன்.

நேற்று ஏணி போட்டுக் கதவுப் பலகையை இறக்கினோம். நானே ஏறினேன், இந்த முழங்கால் வலியோடு. கீழே இஷ்பெல் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்தீங்கன்னா குதிரை மேல விழுங்க, சிங்கம் கடிக்கும்" என்றாள். பலகையை வைக்கோல் சுற்றி உனக்கே அனுப்பியிருக்கிறேன். கீறல் இல்லை.

சாவியை விட்லாக்கிடம் கொடுத்துவிட்டேன். வீட்டையும் காலி செய்துவிட்டேன். துறையின் வடக்கு முனையில் மீனவர் ஹோகார்த்தின் விதவைக்கு ஒரு பழைய புகைக்கூடம் இருக்கிறதே, ஆறு வருடமாகச் சும்மா கிடக்கிறது. பாதிப் பங்குக்குத் தர ஒத்துக்கொண்டாள். மாடியில் ஓர் அறை இருக்கிறது, அது எனக்குப் போதும். பெண்கள் தெற்கே யார்மவுத் துறையின் மீன் பருவத்துக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அந்தப் பத்து நாளில் முதல் வேலையாக அங்கே உள்ள கொட்டகைக்குக் கூரை போடுகிறார்கள். போலீஸ்காரரும் ஓய்வு நேரத்தில் வந்து ஆணி அடிக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது எப்போது தீரும் என்று தெரியவில்லை. அதற்காக உன் அக்கா இல்லை என்றாகிவிடாது.

டோர்கஸ்


லண்டன்
1922 நவம்பர் 13

அக்காவுக்கு,

வின்னி சுகம். எனக்கு அக்டோபர் முழுக்க உடம்பு சரியில்லை, இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

அரண்மனையிலிருந்து ஒருவர் வந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். பெட்டிச் சீட்டைக் காட்டி, நீ எழுதியது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பூட்டு, கூரை, ஏஜெண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "பலகையில பேரு உங்களுதுதானே?" என்றார். "என்னுதுதான்." "அப்போ பதிலும் உங்களுதுதான்." அவ்வளவுதான். பத்திரத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

பலகையைப் போன வாரம் இறக்கினேன். எதிர்க்கடை ரொட்டிக்காரர் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழையபடி வணக்கம் சொல்வதில்லை.

அந்த ஏஜெண்டை நிறுத்திவிட்டேன். புகைக்கூடம் பூட்டியே கிடக்கிறது. அந்த மனிதர் போகும்போது உன் விலாசத்தைக் கேட்டார். கொடுத்தேன்.

குளிர் வந்துவிட்டது. வடக்கு முனையில் காற்று அதிகமாக இருக்கும்.

ரூபன்


கிரேஸ்டன் துறை
1922 நவம்பர் 27

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

நீ படுத்திருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. வின்னியைக் கடிந்துகொண்டேன் என்று சொல். இங்கே காற்று அதிகம்தான். கூரை அசையவில்லை.

விலாசத்தை நீ கொடுத்தாய் என்பதை மறைக்காமல் எழுதினாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அரண்மனையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அடுத்த பருவத்தில் என் மீனை வாங்கிப் பார்க்க விரும்புகிறார்களாம். ஐந்து வருடம் ஒழுங்காக அனுப்பினால் என் பெயரிலேயே பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. ஜீனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவள் இந்தக் குளிர்காலம் என்னுடன்தான் இருக்கிறாள். காயம் கட்டும் வேலையை டாக்டரிடம் கற்றுக்கொள்கிறாள், அடுத்த ஜூனிலிருந்து துறையில் அவள்தான் அதைப் பார்ப்பாள்.

பதில் எழுதிவிட்டேன். மரியாதையாகவே எழுதினேன். சந்தோஷமாக அனுப்புகிறேன், ஆனால் பத்திரம் வேண்டியதில்லை. என் கதவில் என் பெயர் இருக்கிறது, அதற்கு மேலே மாட்ட இடமில்லை என்று எழுதினேன். இன்னொன்றும் எழுதினேன். நாற்பது பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு அறுக்கலாம் என்பதை இஷ்பெலும் நானும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம், அதற்கு மேல் ஒரு மீன்கூட இல்லை. அதனால் முதலில் கேட்டவர்களுக்கு முதலில். அவர்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் ஒன்று, சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒன்று, நம் டாக்டரின் மாமியாரும் உண்டு. அரண்மனைக்கு நாற்பத்திரண்டாம் இடம். ஜூலை நடுவில் முதல் பெட்டி போகும்.

காத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

உன் கடையில் விற்க மீன் வேண்டுமென்று நீ கேட்கவில்லை. கேட்க நினைத்துத்தான் குளிரைப் பற்றி எழுதி நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பதானால் உன் பெயர் போட்டு ஒரு சீட்டு எழுதி அனுப்பு. தம்பி என்பதற்காக உன்னை முன்னால் தள்ள மாட்டேன்.

சீக்கிரம் எழுது. நாற்பத்து மூன்றாம் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

உன் அக்கா,
டோர்கஸ் ஆர்ச்போல்ட்